எட்டாம் வகுப்புப் பிள்ளையும் நம்ம குழுவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டு வேலை, ரெண்டு மாடு, ரெண்டு பிள்ளைகள், குழுக் கணக்கு, இதுதான் என் பொழப்பு. மேடை ஏறிப் பேசிப் பழக்கம் இல்லை. எங்கள் ஊர்க் குழுக்கள் சேர்ந்து எட்டாவது பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் பண்ணியதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன். கடைசியில் இந்தக் கூட்டமைப்பிடம் நாலு விஷயம் கேட்கப் போகிறேன். அதுக்காகத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

முதலில் என்ன பரீட்சை என்று சொல்லிவிடுகிறேன். அதன் பேர் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. பேர் நீளம். பள்ளிக்கூடத்தில் என்.எம்.எம்.எஸ். என்று சொல்லுவார்கள். மத்திய அரசு 2008இல் கொண்டு வந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, பஞ்சாயத்து, நகராட்சி நடத்துகிற பள்ளி, இதில் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் எழுதலாம். வீட்டு வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. நம்மில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை!

பரீட்சை எழுதித் தெரிவு ஆகிவிட்டால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 12,000 ரூபாய், பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே ஏறும். நாலு வருடத்துக்கு 48,000. இதற்கு வட்டி கிடையாது, தவணை கிடையாது, ஜாமீன் கையெழுத்து கிடையாது. நம்ம குழுவில் 48,000 கடன் கேட்டால் எத்தனை கூட்டம் உட்கார்ந்து பேசுவோம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்தியா முழுக்க வருடத்துக்கு 1 லட்சம் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 6,695 இடம். அந்த இடம் யாருக்காவது போகத்தான் போகிறது. நம்ம பிள்ளைக்கும் அதில் ஒன்று ஏன் வரக் கூடாது? அந்தக் கேள்வியில்தான் நாங்கள் ஆரம்பித்தோம்.

இது ஒன்றுதான் என்று இல்லை. எட்டாவதில் விட்டுப்போனால் ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. அது கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் 50 பையன்கள், 50 பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள். வருடத்துக்கு 1,000 ரூபாய் வரும். பதினொன்றாவதில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் ரெண்டு வருடம் தருகிறார்கள். கேள்வியெல்லாம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இருந்துதான். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு என்று இன்னொன்று. அதில் தெரிவாகிற 1,000 அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிகிரி முடிக்கிற வரை வருடத்துக்கு 10,000 ரூபாய். ஆக ஒரு கதவு மூடினால் அடுத்தது இருக்கிறது. ஆனால் எட்டாவதில் பழகுகிற பிள்ளைக்குத்தான் அடுத்த கதவைத் தட்டத் தைரியம் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயம் சொல்கிறேன். கோபப்படாதீர்கள். எங்கள் ஊராட்சியில் குழுக் கடன் எதற்கு வாங்கினார்கள் என்று தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். மாட்டுக்கு, கடைக்கு, வைத்தியத்துக்கு என்று இருந்தது. அதோடு ‘பிள்ளை படிப்புச் செலவு’ என்றும் நிறைய இருந்தது. விசாரித்தால் எல்லாம் தனியார் பள்ளிக்கூட ஃபீஸ், வேன் காசு. பிள்ளை டை கட்டி, வேனில் ஏறிப் போனால் நமக்கு ஒரு சந்தோசம். அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டும். தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளை இந்த என்.எம்.எம்.எஸ். எழுத முடியாது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு டாக்டர் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020இல் இருந்து இருக்கிறது. இன்ஜினியரிங், விவசாயம் மாதிரிப் படிப்புகளுக்கும் 2021இல் கொண்டு வந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்து காலேஜ் போகிற பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கடன் வாங்கி ஃபீஸ் கட்டும்போது இதையெல்லாம் கையில் இருந்து விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். தெரிந்த பிறகு அவரவர் முடிவு.

சரி, நாங்கள் செய்ததுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவதில் 14 பிள்ளைகள். வாத்தியார் நல்லவர். பரீட்சைக்கு எல்லாரையும் எழுத வைக்கிறேன், ஆனால் சாயந்தரம் நாலரைக்குப் பிறகு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பழக்க நேரம் போதவில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னார். அந்தக் கூட்டத்தில் நாங்கள் ஆறு பேர் குழுவில் உள்ளவர்கள். அன்றைக்கே பேசினோம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கட்டிடம் மாதத்தில் ரெண்டு நாள் கூட்டத்துக்குத் திறக்கிறோம், மற்ற நாள் பூட்டிக் கிடக்கிறது. லைட் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, பாய் இருக்கிறது. சாயந்தரம் ஆறில் இருந்து ஏழரை வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம் என்று தீர்மானம் போட்டோம்.

உடனே ஒரு அக்கா கேட்டார்கள், ‘திறந்துவிட்டால் ஆச்சா, சொல்லிக் கொடுக்கிறது யாரு? நமக்கெல்லாம் கையெழுத்துப் போடவே குழுவுக்கு வந்த பிறகுதானே தெரியும்?’ என்று. நியாயமான கேள்வி. காலேஜ் படிக்கிற ஒரு பிள்ளை வாரத்தில் மூணு நாள் வந்து கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுக்க ஒத்துக்கொண்டாள். மீதி நாள் வாத்தியார் கொடுத்த பழைய வினாத்தாளைப் பிள்ளைகளே போட்டுப் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு அம்மா முறை வைத்து உட்கார வேண்டும். அந்த அம்மாவுக்குப் பாடம் தெரிய வேண்டாம். கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஏன் கடிகாரம் என்று சொல்கிறேன். பரீட்சை ரெண்டு தாள். முதல் தாள் மனத்திறன். 90 கேள்வி, 90 நிமிடம். ரெண்டாவது தாள் படிப்பறிவு. அதுவும் 90 கேள்வி, 90 நிமிடம். அதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. ஒரு கேள்விக்கு ஒரே நிமிடம். நம்ம பிள்ளைகளுக்குப் பதில் தெரியும், ஆனால் நிதானமாக யோசித்து, நோட்டில் எழுதி, அழித்து, திரும்ப எழுதிப் பழக்கம். ஒரே கேள்வியில் அஞ்சு நிமிடம் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் பக்கத்தில் இருக்கிற அம்மா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ‘பத்து ஆச்சு, எத்தனாவது கேள்வி?’ என்று கேட்பார். அவ்வளவுதான் வேலை. ரெண்டு மாதத்தில் பிள்ளைகளுக்கே உள்ளுக்குள் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. வராத கேள்வியை விட்டு அடுத்ததுக்குப் போய்க் கடைசியில் திரும்பி வரப் பழகினார்கள்.

இதில் தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அதனால் ஒரு கேள்வியையும் வெறுமையாக விட்டு வரக் கூடாது. நாலு விடையில் ரெண்டு கண்டிப்பாக இல்லை என்று தெரிந்தால் மீதி ரெண்டில் ஒன்றை வட்டமாவது போட்டு வர வேண்டும். விடைத்தாள் கம்ப்யூட்டர் திருத்துகிற தாள். வட்டத்தைப் பேனாவால் முழுசாகக் கருப்பாக்க வேண்டும். டிக் அடித்தால், பாதி நிரப்பினால், ஒரு கேள்விக்கு ரெண்டு வட்டம் நிரப்பினால் மார்க் போச்சு. அந்த மாதிரித் தாளை ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கினோம். ஜெராக்ஸ் செலவுக்கு ஒவ்வொரு குழுவும் கூட்டத்துக்கு 20 ரூபாய் ஒதுக்கியது. கொண்டைக்கடலைச் சுண்டல் முறை வைத்து வீட்டில் இருந்து வந்தது.

மனத்திறன் என்றால் என்ன என்று எனக்கும் முதலில் தெரியாது. வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இதில் பாதி நாம் தினம் செய்கிற வேலைதான். அதை நாம் படிப்பு என்று நினைக்கிறதில்லை, அவ்வளவுதான்.

ஒரு கேள்வி சொல்கிறேன். 1, 7, 19, 37, அடுத்து என்ன வரும்? பிள்ளைகள் விழித்தார்கள். நம்ம இடைப்புள்ளிக் கோலம் இருக்கிறதே, அதைத் தரையில் போடச் சொன்னேன். ஒரே புள்ளி வைத்தால் 1. மூணு புள்ளி நடுவில் வைத்து ரெண்டு வரை குறைத்தால் 2, 3, 2, மொத்தம் 7. அஞ்சு புள்ளி வைத்து மூணு வரை குறைத்தால் 3, 4, 5, 4, 3, மொத்தம் 19. ஏழு புள்ளி வைத்து நாலு வரை என்றால் 37. அப்போ அடுத்தது ஒன்பது புள்ளி, அஞ்சு வரை. எண்ணிப் பாருங்கள், 61 வரும். இப்போ ஒவ்வொரு தடவையும் எத்தனை கூடுகிறது என்று பார்த்தால் 6, 12, 18, 24. ஆறு ஆறாகக் கூடுகிறது. ஒரு பிள்ளை, ‘அத்தே, கோலத்தைச் சுத்தி ஆறு பக்கம் இருக்கே, அதனாலதான்’ என்று சொன்னாள். எனக்குப் புல்லரித்துப் போச்சு. மார்கழி முழுக்கக் கோலம் போடுகிற கைதானே நம்ம எல்லாருக்கும்? இந்தக் கேள்வியை உங்கள் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.

உறவுமுறைக் கேள்வி வரும். ‘என் அம்மாவுடைய அண்ணனின் மகள் எனக்கு என்ன வேண்டும்?’ என்கிற மாதிரி. நம்ம பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடாக இருக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நம்ம வீடுகளில் அத்தை மகனை, மாமன் மகளைக் கட்டியிருப்போம். பெண் கொடுத்துப் பெண் எடுத்திருப்போம். ஒரே ஆள் ஒரு பக்கம் மாமன், இன்னொரு பக்கம் சித்தப்பா. பிள்ளை தன் வீட்டை நினைத்துக்கொண்டு விடை போட்டால் தப்பாகிவிடும். கேள்வியில் என்ன சொல்லி இருக்கிறதோ அதை மட்டும் கட்டமாக வரைந்து பார்க்க வேண்டும். ஆண் என்றால் ஒரு சதுரம், பெண் என்றால் ஒரு வட்டம். வரைந்துவிட்டால் குழப்பம் இல்லை.

திசைக் கேள்வி. வீட்டில் இருந்து வடக்கே 3 கிலோமீட்டர் போய், வலது கைப்பக்கம் திரும்பி 4 கிலோமீட்டர் போனால், வீட்டுக்கும் அவனுக்கும் நேர் தூரம் எவ்வளவு? வடக்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் கிழக்கு. தரையில் கோடு போட்டால் முக்கோணம் வந்துவிடும். நேர் தூரம் 5 கிலோமீட்டர். இதை நாங்கள் காட்டுப் பாதையிலேயே நடக்க வைத்துக் காட்டினோம். வாய்க்கால் வரப்பில் சுற்றிப் போகிறதை விடக் குறுக்கே போனால் தூரம் குறைவு என்று ஆடு மேய்க்கிற பிள்ளைக்குத் தெரியாதா?

நாள் கேள்வி. இன்று செவ்வாய்க்கிழமை என்றால் இன்னும் 45 நாள் கழித்து என்ன கிழமை? சந்தை நாளை எண்ணுகிற மாதிரி எண்ண வேண்டியதுதான். ஆறு வாரம் போனால் 42 நாள், திரும்பவும் செவ்வாய். மீதி மூணு நாள். வெள்ளிக்கிழமை.

வட்டிக் கணக்குக்கு நம்ம குழுப் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தோம். 10,000 ரூபாய் கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல் கட்டி பத்து மாதத்தில் முடித்தால் மொத்த வட்டி எவ்வளவு? பிள்ளைகள் எல்லாம் 1,000 என்றார்கள். இல்லை. முதல் மாதம் 100, அடுத்த மாதம் 9,000த்துக்கு 90, அப்புறம் 80, இப்படிக் குறைந்துகொண்டே போய்க் கடைசி மாதம் 10. கூட்டினால் 550. ஒரு பையன் வீட்டுக்குப் போய் அவன் அம்மா வாங்கியிருந்த வாரக் கடன் அட்டையை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். அதில் அசல் குறைந்தாலும் வட்டி குறையவே இல்லை. அடுத்த நாள் அந்த அம்மா வந்து, ‘நூற்றுக்கு ஒரு ரூபாய்தான்னு சொன்னாங்க, நம்ம குழுவுல குடுக்குறதும் ஒரு ரூபாய்தான், ரெண்டும் ஒண்ணு இல்லையாமே, என் மகன் சொல்றான்’ என்று சொன்னார். பரீட்சைக்குச் சொல்லிக் கொடுத்தது வீட்டுக்கும் உதவிச்சு.

அடுத்து, தாய்மார்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய சங்கதி. படிப்பை விடக் காகிதம்தான் நிறையப் பிள்ளைகளைக் காலை வாரி விடுகிறது. பிள்ளையின் பேர் ஆதார் அட்டையில், பள்ளிக்கூடப் பதிவில், வங்கிப் புத்தகத்தில் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுத்தில் இருக்க வேண்டும். இன்ஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தால் கூடக் கம்ப்யூட்டர் ஏற்காது. பிறந்த தேதி ஒத்துப்போக வேண்டும். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை தெரிவாகியும் பேர் ஒத்துப்போகாமல் பணம் வர ரொம்ப நாள் அலைந்தார்கள். பரீட்சை அறிவிப்பு அரையாண்டுப் பரீட்சையை ஒட்டித்தான் வரும், ஆனால் ஆதார் திருத்தத்தை அப்போது ஆரம்பித்தால் முடியாது. ஆடி மாதத்திலேயே பார்த்து முடித்துவிட வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று ரெண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைக்க வேண்டும். பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு.

தெரிவான பிறகும் வேலை இருக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். அதோடு முடியாது, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதாவது, பதினொன்றாவதில் முதல் தடவையிலேயே பாஸ் ஆக வேண்டும். பத்தாவதில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55. இதை நம்ம குழுவில் கடன் தவணை ஞாபகம் வைக்கிற மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போ ரிசல்ட்டுக்கு வருகிறேன். 14 பேர் எழுதினார்கள். 9 பேர் தேர்ச்சி. தெரிவானது 2 பேர். தேர்ச்சி வேறு, தெரிவு வேறு. ரெண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32. ஆனால் இடம் கொஞ்சம்தான் என்பதால் மார்க் வரிசைப்படிதான் பணம் வரும். இதை முன்கூட்டியே பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

தெரிவான ரெண்டு பேரில் ஒருத்தி பாட்டியோடு இருக்கிற பிள்ளை. பாட்டி ஆடு மேய்க்கிறவர். இன்னொருவன் அந்த வாரக் கடன் கணக்குப் போட்ட பையன். என் மகளும் எழுதினாள். தேர்ச்சி ஆனாள், தெரிவு ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். தெருவில், ‘ஊருக்கெல்லாம் கூட்டம் போட்டா, அவ மகளுக்கே கிடைக்கல’ என்ற பேச்சும் வந்தது. மகள்தான், ‘அம்மா, நான் மனத்திறன்ல 61 போட்டுட்டேன், சமூக அறிவியல்லதான் விட்டுட்டேன், ஒன்பதாவதுல ஊரகத் தேர்வு இருக்குல்ல’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். தான் எங்கே விட்டோம் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிகிறதே, அதுவே படிப்புதான்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித் தூங்க முடியவில்லை. 12 பேரில் இன்னொரு பெண் பிள்ளை இருக்கிறாள். அவள் அம்மா இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சொல்லச் சொல்லி அனுமதி கொடுத்ததால் சொல்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு அப்பா கிடையாது. வங்கி இணைப்புக் கடனில் மாதம் 2,500 தவணை. இந்த உதவித்தொகை வந்தால் பிள்ளையைத் தொடர்ந்து படிக்க வைப்பது, வராவிட்டால் எட்டாவதோடு நிறுத்தி, கொஞ்ச நாள் வீட்டில் வைத்து, அப்புறம் மில்லு வேனில் ஏற்றிவிடுவது என்று அந்த அம்மா மனசுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தார். நம்ம வேடசந்தூர் பக்கம் விடிகாலையில் ஊர் ஊராக மில்லு வேன் வந்து நிற்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. அந்தப் பிள்ளை பரீட்சைக்குப் படித்தாளே, அது பரிசுக்காக இல்லை. அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் இருப்போமா மாட்டோமா என்பதற்காகப் படித்தாள். பதினாலு வயசு ஆகாத பிள்ளை தலையில் அவ்வளவு பாரம். ரிசல்ட் அன்றைக்கு அவள் அழவில்லை. புத்தகங்களை அடுக்கிக் கொண்டுவந்து, ‘சின்ன வகுப்புப் பிள்ளைக யாருக்காவது குடுத்துருங்க அத்தே’ என்று கட்டிடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் வேறு எந்தப் பொருளும் பேசவில்லை. ஒரு மூத்த அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். ‘அந்தப் பிள்ளையை மில்லுக்கு அனுப்புறது யாரு? அவ அம்மாவா, நம்ம தவணையா?’ யாரும் பதில் பேசவில்லை. அப்புறம் கணக்கைப் போட்டோம். குழுச் சேமிப்பில் இருந்து உள்கடன் கொடுத்து, வங்கித் தவணை தவறாமல் போகிற மாதிரி பண்ணினோம். அந்த உள்கடனை அந்த அம்மா மாதம் 1,000 வீதம் நீளமாகக் கட்டுகிற மாதிரித் தீர்மானம் எழுதினோம். 12 பேரும் கையெழுத்துப் போட்டோம். வங்கிக்கும் நஷ்டம் இல்லை, குழுவுக்கும் நஷ்டம் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தாவது முடியும்போது இதே கேள்வி திரும்ப வரும். அப்பவும் குழு உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் அவள் அடுக்கி வைத்த புத்தகத்தில் கணக்குப் புத்தகத்தை மட்டும் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பதாவதுக்கும் வேணும் என்றாள்.

‘பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்து ரெண்டு பேருக்குக் கிடைத்தால் மீதிப் பிள்ளைகள் மனசு உடையாதா, எதுக்கு இந்த வேலை?’ என்று சிலர் கேட்கிறார்கள். உடையும். அதனால் அதுக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு பண்ண வேண்டும். ரிசல்ட் வந்த மறுநாள் கட்டிடத்தைப் பூட்டாமல் 14 பேரையும் வரச் சொன்னோம். தெரிவான ரெண்டு பேருக்கு மட்டும் மாலை போடவில்லை, எல்லாருக்கும் பேனா கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மார்க்கை வைத்து நம்ம பிள்ளையைக் குத்திக் காட்டக் கூடாது என்று தாய்மார்களிடம் கறாராகச் சொன்னோம். அடிக்கக் கூடாது என்றும் சொன்னோம். குழுவில் ஒருத்தி தவணை கட்ட முடியாமல் போனால் நாம் அவளைத் தெருவில் நிறுத்தியா பேசுகிறோம்? பிள்ளைக்கும் அதே மரியாதைதான்.

கடைசியாக, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஒன்று, ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்புக் கட்டிடமும் சாயந்தரம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். குழுவில் இல்லாத வீட்டுப் பிள்ளையும் வரலாம் என்று இருக்க வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு வருடமும் ஆடி மாதக் கூட்டத்தில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளின் ஆதார், வங்கிப் புத்தகம், சான்றிதழ் மூன்றையும் கொண்டுவரச் சொல்லிப் பேர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நாம் வாய்க்கு வாய் கணக்குச் சரிபார்க்கிறவர்கள்தானே, இது அரை மணி நேர வேலை.

மூன்று, படிப்புச் செலவுக்குக் கடன் கேட்டு வருகிற உறுப்பினரிடம், கடன் கொடுக்கும் முன்னால், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்னென்ன உதவி இருக்கிறது என்று ஊக்குநர் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவர் கேட்டதைக் கொடுங்கள்.

நான்கு, இதுதான் முக்கியம். எட்டாவது, பத்தாவது முடிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் தவணை நெருக்கடி என்றால், அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்துவதற்கு முன்னால் குழு கூடிப் பேசியே ஆக வேண்டும் என்று இந்தக் கூட்டமைப்பு தீர்மானம் போட வேண்டும். உதவித்தொகை கிடைத்தால் நல்லது. கிடைக்காத பிள்ளையும் நம்ம பிள்ளைதான். பரீட்சையில் தெரிவானால்தான் படிப்பு என்று எந்தப் பிள்ளையும் நம்ம ஊரில் பரீட்சை எழுதப் போகக் கூடாது.

நாம் குழு ஆரம்பித்தபோது வாரம் பத்து ரூபாய் சேர்த்தோம். பத்து ரூபாயில் என்ன ஆகும் என்று சிரித்தவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு அந்தப் பத்து ரூபாய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று இந்த விழாவைப் பார்த்தால் தெரியும். பிள்ளைகளுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் என்பதும் அந்த மாதிரி ஒரு சேமிப்புதான்.